கையெழுத்துப் போட மறுத்தவர்கள்

போன மாதம் இந்தப் பகுதியில், உரிமைகளை எந்த அரசும் தானாக முன்வந்து கொடுத்ததில்லை, கேட்டவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தேன். 'அமெரிக்கா அப்படி இல்லையே, அங்கே ஆரம்பத்திலிருந்தே எல்லாம் இருந்ததே' என்று பல கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த இதழின் கேள்விகள் எல்லாமே அமெரிக்க அரசியல் சாசனம் பற்றியவை.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'நம் சாசனத்தின் அடிப்படை உரிமைகள் அமெரிக்காவைப் பார்த்து எடுத்தவை' என்று மனப்பாடம் செய்கிறோம். அமெரிக்கர்களுக்கு அந்த உரிமைகளைக் கொடுத்தவர்கள், அந்தச் சாசனத்தை எழுதிய தலைவர்கள்தானே?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

இல்லை. எழுதிய தலைவர்களில் பெரும்பாலோர் அப்படி ஒரு பட்டியலே வேண்டாம் என்றார்கள்.

விடுதலை அடைந்த 13 மாநிலங்களும் முதலில் ஒரு தளர்வான கூட்டமைப்பாகத்தான் இருந்தன. மத்திய அரசுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டுமானால் 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். போரில் சண்டை போட்ட சிப்பாய்களுக்குச் சம்பளப் பாக்கி. 1786-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து விவசாயிகள் கடனும் வரியும் கட்ட முடியாமல், டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் ராணுவ கேப்டன் தலைமையில் நீதிமன்றங்களை முற்றுகையிட்டார்கள். இந்தப் பின்னணியில்தான், மத்திய அரசின் அமைப்பைத் திருத்துவதற்காக மாநிலங்களின் பிரதிநிதிகள் 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடினார்கள். ரோட் ஐலண்ட் மாநிலம் ஆளே அனுப்பவில்லை. மற்ற மாநிலங்களிலிருந்து 55 பேர் வந்தார்கள். பேசுவது வெளியே கேட்கக் கூடாதென்று கோடைக்காலத்திலும் ஜன்னல்களைச் சாத்திவைத்திருந்தார்கள். தலைமை ஜார்ஜ் வாஷிங்டன். ஜேம்ஸ் மேடிசன் முன்வரிசையில் உட்கார்ந்து தினமும் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் உள்ளே நடந்ததில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

செப்டம்பர் 12. கிட்டத்தட்ட நான்கு மாதம் ஓடிவிட்டது. எல்லோருக்கும் ஊர் திரும்பும் அவசரம். அப்போது விர்ஜினியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்து, மக்களின் உரிமைகளைப் பட்டியல் போட்டுச் சாசனத்துடன் சேர்க்கலாம், மக்களுக்கு அது பெரிய நிம்மதி தரும், மாநிலங்களிடம் ஏற்கெனவே இருக்கும் உரிமை அறிவிப்புகளை வைத்துக்கொண்டால் சில மணி நேர வேலைதான் என்றார். 1776-ல் விர்ஜினியாவின் உரிமை அறிவிப்பை எழுதியவரே அவர்தான். மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெரி அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார். மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. வாக்களித்த பத்து மாநிலங்களும் 'வேண்டாம்' என்றன, மேசனின் சொந்த விர்ஜினியா உட்பட.

ஐந்து நாள் கழித்து 39 பேர் கையெழுத்திட்டார்கள். அன்று அவையில் இருந்தும் மூன்று பேர் மறுத்துவிட்டார்கள்: மேசன், கெரி, விர்ஜினியா ஆளுநர் எட்மண்ட் ராண்டால்ஃப். இப்போது இருக்கிற நிலையில் இதில் கையெழுத்துப் போடுவதைவிட என் வலது கையை வெட்டிக்கொள்வேன் என்று மேசன் ஆகஸ்டிலேயே சொல்லியிருந்தார். அச்சிட்ட வரைவின் பின்பக்கத்திலேயே தன் ஆட்சேபங்களை எழுதினார். முதல் ஆட்சேபமே, 'உரிமைகள் பற்றிய அறிவிப்பு எதுவும் இதில் இல்லை' என்பதுதான். வாஷிங்டனும் அவரும் பக்கத்து ஊர்க்காரர்கள், பல வருடப் பழக்கம். அந்த நட்பு இதோடு முறிந்தது. மேசனைப் பற்றி நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பட்டியல் வேண்டாம் என்றவர்கள் கெட்டவர்கள் அல்ல, அவர்கள் வாதத்தையும் கேளுங்கள். அலெக்சாண்டர் ஹாமில்டன் கேட்டார்: மத்திய அரசுக்கு எழுதிக் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் உண்டு, பத்திரிகையைத் தொடும் அதிகாரத்தை யாரும் கொடுக்கவே இல்லை, பிறகு 'பத்திரிகையைத் தொடாதே' என்று எதற்கு எழுத வேண்டும்? எழுதினால், எழுதாத உரிமைகளெல்லாம் இல்லை என்று ஆகிவிடாதா? மேடிசனின் சந்தேகம் வேறு. மாநிலங்களின் உரிமை அறிவிப்புகளைப் பெரும்பான்மை பலம் வந்தபோதெல்லாம் மிதித்துவிட்டுப் போனதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். வெறும் காகிதத் தடுப்பு என்ன செய்யும் என்பது அவர் கேள்வி.

மக்கள் இதையெல்லாம் ஏற்கவில்லை. ஒவ்வொரு மாநிலமாகச் சாசனம் ஒப்புதலுக்குப் போனபோது மாசசூசெட்ஸில் 187-க்கு 168, விர்ஜினியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27 என்று மயிரிழையில்தான் தப்பியது. மாசசூசெட்ஸ், திருத்தங்கள் வேண்டும் என்ற பரிந்துரையோடுதான் ஒப்புதலே கொடுத்தது. வட கரோலினா, உரிமைப் பட்டியல் வரட்டும் என்று காத்திருந்தது. விர்ஜினியாவில் பாப்டிஸ்ட் சபைப் போதகர்கள், உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்ததற்காகச் சிறைக்குப் போயிருந்தார்கள். மத சுதந்திரத்தை எழுத்தில் கொடு என்று அந்தச் சபையினர் விடாமல் கேட்டார்கள். 1789 பிப்ரவரியில் மேடிசன் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டது இந்த மக்களிடையேதான். எதிர்த்து நின்றவர் ஜேம்ஸ் மன்றோ. உரிமைத் திருத்தங்களைக் கொண்டுவருவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே மேடிசன் 1,308 வாக்குகள் பெற்று ஜெயித்தார். மன்றோவுக்கு 972.

கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். ஜூன் 8 அன்று சபையில் எழுந்தார். வரி இருக்கிறது, நீதிமன்றம் அமைக்க வேண்டியிருக்கிறது, இதற்கென்ன அவசரம் என்று சக உறுப்பினர்களே சலித்துக்கொண்டார்கள். அவர் விடவில்லை. சபை 17 திருத்தங்களை நிறைவேற்றியது, மேலவையான செனட் அதை 12 ஆகச் சுருக்கியது, மாநிலங்கள் 10-ஐ ஏற்றன. 1791 டிசம்பர் 15 முதல் அவை சாசனத்தின் பகுதி.

தேர்வில் 'மேடிசன், 1791' என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். கையெழுத்துப் போட மறுத்த மேசனையும், ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் வாக்குறுதி வாங்கிய பாப்டிஸ்ட் குடியானவர்களையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

ஒரு கல்லூரி மாணவர் அமெரிக்கச் சாசனத்தையே திருத்தினார் என்று படித்தேன். உண்மையா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

உண்மைதான். மேலே சொன்ன 12-ல் மாநிலங்கள் ஏற்காமல் விட்ட இரண்டில் ஒன்று, காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளம் பற்றியது (அங்கே காங்கிரஸ் என்றால் நாடாளுமன்றம்). சம்பளத்தை மாற்றிச் சட்டம் போட்டால், இடையில் ஒரு தேர்தல் நடந்து முடிந்த பிறகே அது அமலுக்கு வர வேண்டும் என்றது. ஒப்புதலுக்குக் காலக்கெடு எதுவும் விதிக்கப்படவில்லை. 1982-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், இந்தத் திருத்தம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று வகுப்புக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தார். 'சி' கிரேடு கிடைத்தது. அவர் சும்மா இருக்கவில்லை. மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். ஒவ்வொன்றாக ஒப்புதல் வர, 1992 மே மாதம் அது 27-வது திருத்தம் ஆயிற்று. அந்தப் பல்கலைக்கழகம் 2017-ல் அவருடைய கிரேடை 'ஏ' என்று மாற்றிக் கொடுத்தது.

'எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்' என்று அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய ஜெபர்சன் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவர். அந்தச் சாசனமும் அடிமை முறையைக் காப்பாற்றியது. இதைப் போய் மனித உரிமையின் அடித்தளம் என்று நீங்கள் கொண்டாடுவது எப்படி?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், தேவகோட்டை

ஐயா, உங்கள் கோபம் நியாயமானது. இன்னும் இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். 1787 சாசனத்தில் 'அடிமை' என்ற சொல்லே கிடையாது. ஆனால் மக்கள்தொகையைக் கணக்கிட்டுத் தொகுதிகள் ஒதுக்கும்போது ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்காக எண்ணு என்று இருக்கிறது. அந்த எண்ணிக்கையால் அடிமைகளுக்கு ஓட்டு கிடைக்கவில்லை, அவர்களுடைய எஜமானர்களின் மாநிலங்களுக்கு அதிக இடங்கள் கிடைத்தன. அடிமை வணிகத்தை 1808 வரை காங்கிரஸ் தடை செய்யக் கூடாது என்றும் இருக்கிறது. தப்பி ஓடியவரைப் பிடித்துத் திருப்பிக் கொடு என்றும் இருக்கிறது. நான் புகழ்ந்த மேசனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். அடிமைகளின் எஜமானன் ஒவ்வொருவனும் பிறவியிலேயே குட்டிக் கொடுங்கோலன் என்று அதே மாநாட்டில் பேசிவிட்டு, ஊர் திரும்பித் தன் அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்தார். இதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்த வாக்கியத்தை யார் கையில் எடுத்தார்கள் என்று பாருங்கள். மாசசூசெட்ஸில் ஷெஃபீல்டு என்ற ஊரில், கர்னல் ஜான் ஆஷ்லி வீட்டில் பெட் என்றொரு கறுப்பினப் பெண் அடிமை. எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆங்கிலேயருக்கு எதிராக 'மனிதர்கள் இயற்கையில் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள்' என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் 1773-ல் தீர்மானம் எழுதியது ஆஷ்லியின் வீட்டில்தான். ஒருநாள் வீட்டு எஜமானி, அடுப்பில் காய்ந்த இரும்புக் கரண்டியை இன்னொரு பெண்மீது ஓங்க, பெட் குறுக்கே கையை நீட்டித் தடுத்தார் என்றும், அந்தத் தழும்பை மறைக்காமல் கேட்பவர்களுக்குக் காட்டுவார் என்றும் அவரை அறிந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 1780-ல் மாசசூசெட்ஸ் தனக்கென்று சாசனம் இயற்றியது. 'எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள்' என்பது அதன் முதல் பிரிவு. பெட் நேராக வழக்கறிஞர் தியோடர் செட்விக்கிடம் போனார். இந்தச் சட்டம் எனக்கும்தானே என்று கேட்டார். வழக்குத் தொடர்ந்தார்கள். 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்தில் ஜூரிகள், பெட்டும் அவருடன் வழக்குப் போட்ட பிராம் என்பவரும் அடிமைகள் அல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். நஷ்ட ஈடு 30 ஷில்லிங். கூலிக்காவது திரும்பி வா என்று ஆஷ்லி கேட்டபோது அவர் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் சூட்டிக்கொண்டார். 1790-ல் நடந்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாசசூசெட்ஸில் ஓர் அடிமைகூட இல்லை.

ஃபிரெடரிக் டக்ளஸும் அப்படித்தான். அடிமையாகப் பிறந்து தப்பி வந்தவர். 1852 ஜூலை 5 அன்று ராசெஸ்டர் நகரில், உங்கள் சுதந்திர நாள் அடிமைக்கு என்ன நாள் என்று முகத்தில் அறைகிற மாதிரி கேட்டார். அதே உரையில், இந்தச் சாசனம் மகத்தான சுதந்திரப் பத்திரம் என்றும் சொன்னார். எழுதியவர்களைப் புகழ்வதோடு அவர் நிற்கவில்லை. எழுத்தில் இருப்பதைக் கொடு என்று கேட்டார். அதற்கு உள்நாட்டுப் போர் தேவைப்பட்டது, 1865-ல் அடிமை முறையை ஒழித்த 13-வது திருத்தமும் 1868-ல் 14-வது திருத்தமும் தேவைப்பட்டன. சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் யாருக்கும் மறுக்கக் கூடாது என்ற அந்த 14-வது திருத்தத்தின் வரிதான் நம் சாசனத்தின் 14-வது பிரிவிலும் இருக்கிறது. எண் ஒத்துப்போனது தற்செயல். நான் கொண்டாடுவது ஜெபர்சனை அல்ல ஐயா, பெட்டை.

அங்கே அதிபர் பெரியவரா, நாடாளுமன்றம் பெரிதா, நீதிமன்றம் பெரிதா?
– ஜவுளிக்கடை ஊழியர், ஈரோடு

யாரும் பெரியவராகிவிடக் கூடாது என்பதற்காகவே மூன்றாகப் பிரித்தார்கள். காங்கிரஸ் சட்டம் போடும், அதிபர் அதை வீட்டோ செய்யலாம், அதாவது ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பலாம், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்தால் அந்த வீட்டோவைத் தள்ளிவிடலாம். நீதிபதியை அதிபர் நியமிப்பார், ஆனால் செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டம் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பது சாசனத்தில் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803-ல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் மார்பரி வழக்கில் நிலைநாட்டியது அது. மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசாங்கமே தேவைப்படாது என்று மேடிசன் எழுதினார். ஒருவரின் அதிகார ஆசையை இன்னொருவரின் அதிகார ஆசையால்தான் கட்ட முடியும் என்பது அவர் கணக்கு.

நடைமுறையில் பார்க்க வேண்டுமா? 1952-ல் கொரியப் போர் நேரம். உருக்காலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராக, ராணுவத்துக்கு எஃகு தடைப்படும் என்று அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசின் கையில் எடுத்தார். காங்கிரஸ் கொடுக்காத அதிகாரம் உங்களுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் சொன்னது. ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். 1974 ஜூலையில், வாட்டர்கேட் ஊழல் வழக்கில், தன் பேச்சுகள் பதிவான ஒலிநாடாக்களை ஒப்படை என்று அதிபர் நிக்சனுக்கு உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாக உத்தரவு போட்டார்கள். ஆகஸ்ட் 9-ல் நிக்சன் பதவி விலகினார். அந்தத் தீர்ப்பை வழங்கியவர்களில் மூன்று பேர் அவரே நியமித்த நீதிபதிகள்.

திருடனுக்கும் கொலைகாரனுக்கும் அரசு செலவில் வக்கீல் வைப்பது என்ன நியாயம்? இந்த வழக்கமும் அமெரிக்காவில் இருந்து வந்ததுதானே?
– இல்லத்தரசி, ஓசூர்

அம்மா, தஞ்சாவூர் நீதிமன்றங்களில் பல வருடம் சட்ட உதவி வழக்குகள் நடத்தியவள் என்பதால் இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

1961-ல் ஃபுளோரிடாவில் பனாமா சிட்டி என்ற ஊர். ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியின் கதவை உடைத்து, கொஞ்சம் மதுவும் நாணய இயந்திரத்திலிருந்த சில்லறையும் களவு. கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற ஐம்பது வயதுக்காரரைப் பிடித்தார்கள். எட்டாம் வகுப்புப் படிப்பு, பழைய தண்டனைகள் வேறு. எனக்கு வக்கீல் வைத்துக் கொடுங்கள் என்று கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்கு இல்லையென்றால் மாநிலச் சட்டப்படி முடியாது என்று நீதிபதி வருத்தம் தெரிவித்தார். கிடியன் தானே வாதாடினார். ஐந்து வருடத் தண்டனை.

சிறையிலிருந்து, சிறைக் காகிதத்தில், பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவருக்காக வாதாட ஏப் ஃபோர்ட்டாஸ் என்ற பெரிய வழக்கறிஞரை நீதிமன்றமே நியமித்தது. வக்கீல் உரிமையைச் சொல்லும் 6-வது திருத்தம் 1791-லேயே வந்ததுதான். ஆனால் அந்தப் பத்துத் திருத்தங்களும் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களை அல்ல என்று 1833-ல் ஒரு தீர்ப்பு. மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் திருத்தம் ஒன்றை மேடிசன் முதலிலேயே கேட்டிருந்தார், செனட் அதை வெட்டிவிட்டது. 14-வது திருத்தம் வந்த பிறகும், ஒவ்வோர் உரிமையாகப் போராடித்தான் மாநிலங்களுக்குப் பொருத்த வேண்டியிருந்தது. 1963 மார்ச் 18, கிடியன் வழக்கில் ஒருமனதான தீர்ப்பு: வசதியில்லாதவருக்கு மாநிலம் வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். இன்னொரு செய்தியும் சொல்கிறேன். அந்த வழக்கில் 22 மாநிலங்களின் அரசு வழக்கறிஞர்கள் கிடியன் பக்கம் நின்றார்கள். ஃபுளோரிடா பக்கம் நின்றவை இரண்டே மாநிலங்கள்.

ஆகஸ்டில் மறுவிசாரணை. இந்த முறை உள்ளூர் வக்கீல் ஃபிரெட் டர்னர் ஆஜரானார். முக்கியச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தார். அந்தச் சாட்சியே களவுக்கு உடந்தையாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை ஜூரிகள் மனதில் எழுப்பினார். ஒரு மணி நேரத்தில் ஜூரிகள் வெளியே வந்தார்கள். விடுதலை.

அதே களவு, அதே ஆள், அதே ஊர். மாறியது ஒன்றுதான், பக்கத்தில் ஒரு வக்கீல் நின்றார். நான் இதைக் கண்ணால் பார்த்தவள். வயலில் இருந்த மோட்டார் திருடு போனதாக ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி மீது வழக்கு. ரிமாண்டில் இருந்தவர். என்னிடம் வழக்குக் கட்டைக் கொடுத்தபோது, 'நான் ஒத்துக்கிட்டா சீக்கிரம் விடுவாங்களாம்மா?' என்றுதான் முதலில் கேட்டார். பறிமுதல் மகஜரை (பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் பதிவு) எடுத்துப் பார்த்தேன். மோட்டாரைக் கைப்பற்றிய இடம் வயல்காடு, நேரம் விடிகாலை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் வேறு ஊர்க்காரர்கள். அந்த நேரத்தில் அவர்கள் அங்கே எதற்கு வந்தார்கள் என்று கூண்டில் கேட்டேன். ஸ்டேஷனில் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியதாக ஒருவர் சொல்லிவிட்டார். அதோடு வழக்கு விழுந்துவிட்டது. இந்த ஒரு கேள்வியை அந்தத் தொழிலாளியால் தானாகக் கேட்டிருக்க முடியுமா? மகஜர் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது.

நம்மிடம் இது அமெரிக்காவிலிருந்து மட்டும் வந்ததல்ல. நம் சாசனத்தில் 22-வது பிரிவும், பிறகு சேர்த்த 39ஏ பிரிவும், 1987-ல் வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டமும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் யாரையாவது தவறாகப் பிடித்துவிட்டால் தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும், நேரே போய்க் கேளுங்கள். திருடனா இல்லையா என்பது விசாரணை முடிந்த பிறகுதான் தெரியும். வக்கீல் வேண்டியது அதற்கு முன்னால்.

அமெரிக்கப் பத்திரிகைகள் அரசியல்வாதிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாமா?
– பகுதிநேரச் செய்தியாளர், மதுரை

என்ன வேண்டுமானாலும் முடியாது. தெரிந்தே பொய் எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் பதவியில் இருப்பவர் வழக்குப் போட்டு ஜெயிப்பது அங்கே மிகக் கடினம். அதற்குக் காரணம் ஒரு விளம்பரம். 1960 மார்ச் 29 அன்று மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்கு நிதி கேட்டு நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. அலபாமா மாநிலத்தின் மாண்ட்காமரி நகரப் போலீசின் அட்டூழியங்களைச் சொன்னது. அதில் சில பிழைகள். கிங் நான்கு முறை கைதானதை ஏழு என்று போட்டிருந்தார்கள், மாணவர்கள் பாடிய பாட்டின் பெயர் தவறு. போலீசுக்குப் பொறுப்பான நகர ஆணையர் சல்லிவன் வழக்குப் போட்டார். விளம்பரத்தில் அவர் பெயரே இல்லை. உள்ளூர் ஜூரி 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. 1964-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. பொது அதிகாரியைப் பற்றிய செய்தி பொய் என்று தெரிந்தே எழுதினார்கள், அல்லது உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் எழுதினார்கள் என்று நிரூபித்தால்தான் நஷ்ட ஈடு என்றது. கறுப்பின மக்களின் போராட்டச் செய்தியை வழக்குப் போட்டே முடக்கும் வழியை அந்தத் தீர்ப்பு அடைத்தது.

இந்தத் தீர்ப்பு நம் ஊர் வரை வந்தது. தூக்குத் தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அதிகாரிகளுடனான தொடர்புகளும் இருந்தன. நக்கீரன் அதை வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை உயர் அதிகாரி ஆட்சேபித்தார். ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபரில் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு சல்லிவன் வழக்கை எடுத்துக்காட்டி, அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே வெளியீட்டைத் தடுக்க முடியாது என்றது. தனிமனித அந்தரங்க உரிமையையும் அதே தீர்ப்பு வலுவாகப் பேசியிருக்கிறது, செய்தியாளரான நீங்கள் அந்தப் பாதியையும் படிக்க வேண்டும். ஆனால் நம்மிடம் அவதூறு இன்னும் கிரிமினல் குற்றமாக இருக்கிறது. ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

லட்சக்கணக்கானோர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் போடும் சட்டத்தை, யாருமே ஓட்டுப் போடாத நீதிபதிகள் செல்லாது என்கிறார்கள். பெரும்பான்மை சொல்வதுதானே ஜனநாயகம்?
– பேருந்து நடத்துநர், விழுப்புரம்

இந்த இதழின் கடினமான கேள்வி உங்களுடையது. அமெரிக்காவிலும் இன்றுவரை இதற்குச் சண்டை ஓயவில்லை. நீதிமன்றம் எப்போதும் சரியாகவே சொல்லும் என்று நான் வாதாட மாட்டேன். கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்று 1857-ல் தீர்ப்புச் சொன்னது அதே உச்ச நீதிமன்றம்தான். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீடு வாசலிலிருந்து வெளியேற்றியபோது, 1944-ல் அதற்குத் துணை போனதும் அதுதான்.

ஆனாலும் இந்த வழக்கைப் பாருங்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினர், கொடிக்கு சல்யூட் செய்வது விக்கிரக வணக்கத்துக்குச் சமம் என்று நம்புகிறவர்கள். பள்ளியில் சல்யூட் செய்யாத அவர்கள் பிள்ளைகளை வெளியேற்றினார்கள். 1940-ல் வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. நீங்கள் கேட்பதைத்தான் நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர் சொன்னார்: இது மக்கள் பிரதிநிதிகள் முடிவு செய்ய வேண்டிய விஷயம், நாங்கள் தலையிட மாட்டோம். 8-க்கு 1. அந்தத் தீர்ப்பு வந்த சில நாளில் மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க் ஊரில் அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்தைக் கொளுத்தினார்கள். பல ஊர்களில் அடித்து விரட்டினார்கள்.

மேற்கு விர்ஜினியாவில் கேதி, மேரி பார்னெட் என்ற சகோதரிகளை சல்யூட் செய்யவில்லை என்று பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் வந்தது. நாடு உலகப் போரின் நடுவில் இருந்த நேரம், கொடிமீது மக்களுக்கு இருந்த உணர்ச்சியை நீங்களே ஊகிக்கலாம். 1943 ஜூன் 14, அங்கே கொடி நாள். அன்று நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பையே 6-க்கு 3 என்று மாற்றியது. நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார்: உயிர், சுதந்திரம், பேச்சு, பத்திரிகை, வழிபாடு ஆகிய அடிப்படை உரிமைகளை வாக்கெடுப்புக்கு விட முடியாது, அவை எந்தத் தேர்தல் முடிவையும் நம்பி இருப்பவை அல்ல.

நான் உங்களிடம் திருப்பிக் கேட்கிறேன். அந்த இரண்டு சிறுமிகளின் குடும்பம் எந்தத் தேர்தலில் ஜெயித்திருக்க முடியும்? ஊரில் நாலு வீடு அவர்கள். அரிசி விலை, சாலை, வரி எல்லாவற்றையும் பெரும்பான்மை முடிவு செய்யட்டும். ஒரு குழந்தையின் வாயைத் திறக்க வைப்பதை எந்தப் பெரும்பான்மையிடமும் விட நான் சம்மதிக்க மாட்டேன். மேடிசன் பயந்த காகிதத் தடுப்பு அன்று நின்றது. ஜெயிக்கவே முடியாத ஒரு குடும்பம் அதைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றம் வரை போனதால்தான் நின்றது.

ஃபிராங்க்ஃபர்ட்டர் கடைசிவரை மாறவில்லை, மறுப்புத் தீர்ப்பு எழுதினார். நம் சாசனத்துக்கு ஆலோசகராக இருந்த பி.என். ராவ் 1947-ல் அமெரிக்கா போனபோது சந்தித்தவர்களில் அவரும் ஒருவர். தனிமனித சுதந்திரம் பற்றிய பிரிவில், சட்டம் நியாயமானதா என்று நீதிபதிகள் பார்க்க இடம் கொடுக்கும் அமெரிக்கச் சொற்கள் வேண்டாம் என்றார் ஃபிராங்க்ஃபர்ட்டர். நம்மவர்களும் 'சட்டம் வகுத்த நடைமுறை' என்று எழுதினார்கள். தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாண அரசுக்கு எதிராகப் போட்ட வழக்கில், 1950-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்களைக் காட்டியே அவர் வாதத்தை நிராகரித்தது. நடைமுறையும் நியாயமாக இருக்க வேண்டும் என்று நம் நீதிமன்றம் சொல்ல 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, மேனகா காந்தி வழக்கில்.

பார்னெட் சகோதரிகளின் வழக்கும் நம்மிடம் வந்து சேர்ந்தது. 1985-ல் கேரளத்தில் அதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள். தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மட்டும் மாட்டார்கள். பள்ளி வெளியேற்றியது, உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமெரிக்கத் தீர்ப்பையும் எடுத்துப் பேசி, பிள்ளைகளை மீண்டும் பள்ளியில் சேர்க்கவும், அவர்கள் படிப்பைத் தொடர வேண்டிய வசதிகளைச் செய்துகொடுக்கவும் உத்தரவிட்டார்.